வின்ச் வடம்: இழுவிசைச் சுற்றலா, இறுகச் சுற்றலா?

வணக்கம்.

சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்க, பம்பர் பக்கம் பொருத்தும் மோட்டார் பொறிதான் வின்ச்; அதில் வடம் சுற்றிக்கொள்ளும் பகுதி டிரம். புது வடத்தை அந்த டிரம்மில் முதன்முதலாக ஏற்றும்போது, மறுமுனையில் ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும்படி சுற்றவேண்டும். இந்த வேலைக்கு ஒரு பெயர் கேட்டிருந்தேன். வந்தவை மூன்று: சுமைச்சுற்று, விறைசுற்று, இழுவிசைச் சுற்றல்.

சுமைச்சுற்றை முதலில் கழித்துவிடலாம். வின்ச் கையேட்டில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இணைப்புப் படம் இருக்கும். அந்தப் பக்கத்தில் 'சுற்று' என்றால் மின்சுற்றுதான். படிப்பவர் வடத்தை விட்டுவிட்டு ஒயரைத் தேடுவார்.

விறைசுற்று எனக்குப் பிடித்திருந்தது. வினைத்தொகை, நடுவே ச் மிகவில்லை, ஊறுகாய் போலக் கச்சிதமாக நிற்கிறது. ஆனால் காதில் விழும்போது குளிரில் விறைத்த கைதான் நினைவுக்கு வருகிறது. இலக்கணம் சரி, சொல் ஒட்டவில்லை.

இழுவிசைச் சுற்றலில் பிழை சொல்ல முடியாது. பாடநூலில் தாராளமாக இருக்கட்டும். பம்பருக்கு முன்னால் கையுறை மாட்டிக்கொண்டு குந்தியிருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "என்ன சுற்றல்?" என்று திருப்பிக் கேட்பார்.

நான் முன்வைப்பது 'இறுகச் சுற்றல்'. இறுகக் கட்டு, இறுகப் பிடி என்று வாயில் ஏற்கெனவே புழங்குகிற அமைப்பு. கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

"வரிசையாக நெருக்கிச் சுற்றினாலே இறுகத்தானே செய்யும், தனிப்பெயர் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வண்டிக்குக் கம்பி வடம் மாற்றியபோது, ஒரு கையால் வடத்தைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு மறுகையால் ரிமோட்டை அழுத்தி, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே தெரியாமல் அடுக்கினேன். நூல்கண்டு மாதிரி அவ்வளவு அழகு. பிறகு ஒருநாள் சேற்றில் புதைந்த வண்டியை இழுத்தேன். வண்டி வெளியே வந்துவிட்டது. வடத்தைக் கழற்றி வெளியே விடும்போதுதான் வினை. இழுத்த பளுவில் மேலடுக்கு வடம், தளர்வாக இருந்த கீழ்ச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியிருந்தது. ரிமோட்டில் வடத்தை வெளியே விடும் பக்கம் அழுத்தினால், சிக்கிய இடம் வரை வடம் வெளியே வந்தது. அப்புறம் டிரம் அதே திசையில் சுழன்றுகொண்டே வடத்தை எதிர்ப்புறமாக உள்ளே இழுக்கத் தொடங்கியது. கொக்கியைப் பிடித்தபடி நின்றவன் நான்தான். கையை எடுத்துவிட்டேன், பிழைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் கம்பிப் புரிகள் நசுங்கித் தட்டையாகியிருந்தன.

ஆக, நெருக்கம் வேறு, இறுக்கம் வேறு. சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது நெருக்கம். ஒவ்வொரு சுற்றும் டிரம்மையோ கீழடுக்கையோ கவ்விப்பிடிப்பது இறுக்கம். முதலாவது கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. அதனால்தான் பெயரில் இறுக்கம் இருக்கவேண்டும் என்கிறேன்.

எவ்வளவு இழுப்பு என்பது சொல்லுக்குள் வரத் தேவையில்லை, செய்முறையில் வரட்டும். 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ, பரவலாகச் சொல்லப்படும் அளவு. இலேசான ஏற்றத்தின் மேற்புறத்தில் உறுதியான ஒரு மரம். அதில் அகலப் பட்டையைக் கட்டி வடத்தின் முனையை மாட்டவேண்டும். டிரம்மில் கடைசி 5 சுற்று மிச்சமிருக்கும்வரை வடத்தை வெளியே விட்டுவிட்டு, வண்டியைத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறவிடவேண்டும். செயற்கை இழை வடமென்றால் மிச்சம் 8 முதல் 10 சுற்று. வடத்தின் அடிமுனையை டிரம்மில் பிடித்திருக்கும் சின்னத் திருகு பளுவைத் தாங்காது; தாங்குவது அந்தச் சுற்றுகளின் உராய்வுதான். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிரேக்கை மிதமாக அழுத்திக்கொண்டே வரவேண்டும். வெளியே நிற்பவர் நிறுத்தி நிறுத்தி டிரம்மைப் பார்க்கலாம், ஓடும்போது கைவைக்கக் கூடாது.

இன்னொரு சொல்லையும் சேர்த்தே முடித்துவிடலாம். மேல்வடம் கீழடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொள்வதற்கு 'புதைவு' என்று ஒரு பரிந்துரை வந்தது. புதைந்தால் மூடிக்கொள்ளும், இங்கே ஒன்றும் மூடவில்லை, இரண்டு சுற்றுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்கிறது. ஆகவே 'வடச்செருகல்'. "இறுகச் சுற்றாவிட்டால் வடச்செருகல் ஏற்படும்" என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் ஓடுகிறது.

டிரம்மை 'உருளை' ஆக்கவேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வடம் உள்ளே நுழையும் வாயில் நான்கு உருளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாவதைத் தனியாகக் காட்டுகிற சொல் கிடைக்கும்வரை டிரம் டிரம்மாகவே இருக்கட்டும்.