அப்பா ராத்திரி அஞ்சு தடவ எழுந்திரிக்கிறாரு, ஆபரேஷன் பண்ணலாமா?

சிப்புட்_மவன்:
அப்பாவுக்கு 69, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பால்மரம் சீவுனவரு. இப்ப ராத்திரி பூரா கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடக்குறாரு. மூத்திரப்பைக்கு கீழ இருக்குற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு, மூணு மாசமா அதுக்கு டாம்சுலோசின் மாத்திர சாப்பிடுறாரு, ஒண்ணுக்கு கொஞ்சம் சுளுவா வருது, ஆனா எழுந்திரிக்கிறது மட்டும் கொறையல. ஆபரேஷன் பண்ணா தூங்குவாரா?

செம்பனைக்காரன்:
பண்ணிடுங்க தம்பி, தள்ளிப்போடாதீங்க. எங்கப்பாவும் மாத்திரையிலயே ஓட்டுனாரு, தீபாவளிக்கு மொத நாளு ஒரு சொட்டு வரல, வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, லயத்துல யாரோட காடியோ எடுத்துக்கிட்டு ஓடுனோம், டியூப் போட்டுத்தான் எடுத்தாங்க, அதுக்குள்ள கிட்னி அடிவாங்கிடுச்சு. இப்பல்லாம் வயித்த கிழிக்கிறதில்ல, ஒண்ணுக்குப் போற வழியாவே உள்ள போயி செதுக்கி எடுத்துடுறாங்க.

ரிட்டயர்_மிசி:
தம்பி சொல்றது அடைச்சுக்கிட்ட கேசு. அடைப்பு, அடிக்கடி கிருமி, மூத்திரப்பையில கல்லு, கிட்னி பாதிப்பு இதுல ஒண்ணு இருந்தா நானும் ஆபரேஷன்தான் சொல்வேன். ஆனா மவன் கேக்குறது தூக்கம். நர்சா வார்டுல நான் பாத்தவரைக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டம் நல்லா மாறும், ராத்திரி எழுந்திரிக்கிறதுதான் கடைசியா, கம்மியா மாறுது. ஏன்னா வயசானவங்களுக்கு பல நேரம் கோளாறு குழாயில இல்ல, ராத்திரி ஒடம்பு சுரக்குற தண்ணியில இருக்கு. பகல்ல கால்ல எறங்குன நீரு படுத்ததும் ரத்தத்துல ஏறி ஒண்ணுக்கா வருது. இனிப்புநீர், இருதயம், கொறட்டையில மூச்சு நிக்கிறது, எல்லாம் சேரும். புராஸ்டேட்ட செதுக்குனா அது எப்படி நிக்கும்?

செம்பனைக்காரன்:
அக்கா, நீங்க இப்படி சொன்னா ஜனங்க பயந்து ஆறு மாசம் ஒக்காந்துடுவாங்க, எங்கப்பாவும் அப்படித்தான் ஒக்காந்தாரு. ராத்திரி இருட்டுல விழுந்து இடுப்பு ஒடஞ்சா யாரு பாக்குறது?

ரிட்டயர்_மிசி:
ஆறு மாசம் வேணாம், மூணு நாள் போதும். ஒரு அளவு ஜக்கு வாங்கி எத்தன மணிக்கு எவ்ளோன்னு எழுதுங்க. படுத்ததுலேர்ந்து, காலைல எழுந்ததும் போற மொத ஒண்ணுக்கையும் சேத்து, நாள் முழுசுல மூணுல ஒரு பங்குக்கு மேல வந்தா ராத்திரி சுரப்பு அதிகம்னு அர்த்தம். இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு அப்புறம் விந்து வெளிய வராம மூத்திரப்பைக்குள்ள போறது ரொம்ப சகஜம். அத அப்பாகிட்ட யாராவது சொன்னாங்களா? மவன் கேக்க கூச்சப்படுவாருன்னுதான் நான் எழுதுறேன்.

சிப்புட்_மவன்:
மூணு நாள் எழுதுனேன். ராத்திரி சராசரி 1000 மில்லி, நாள் முழுசுக்கு 2100. சாயங்காலம் கால் வீங்கித்தான் இருக்கு, விரல வெச்சு அழுத்தி விட்டா தடம் தெரியுது, நாங்க வயசுன்னு நெனச்சோம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தேத்தண்ணி வேற குடிக்கிறாரு. பிரஷருக்கு ஒண்ணுக்க அதிகமா வர வைக்கிற தண்ணி மாத்திரையும் ராத்திரிதான் போடுறாரு.

ரிட்டயர்_மிசி:
2100ல மூணுல ஒரு பங்கு 700தான், அப்பாவுக்கு அதுக்கு மேல வருது, ராத்திரி சுரப்புதான் அதிகம். அந்த மாத்திரைய நீங்களா மாத்தாதீங்க, நேரத்த மாத்தலாமான்னு டாக்டர்ட கேளுங்க. கால் வீக்கத்துக்கு இருதயம், கிட்னி பாக்கச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல கொஞ்ச நேரம் கால ஒசத்தி வெச்சு படுக்கட்டும்.

செம்பனைக்காரன்:
சரி, இந்த கணக்க நான் ஒத்துக்கிறேன். ஆனா தம்பி, ஒண்ணுக்கு போனதுக்கு அப்புறம் பையில எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன் கேளுங்க, அது பாக்காம ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. எங்கப்பாவுக்கு அத யாரும் பாக்கல.

சிப்புட்_மவன்:
வெள்ளிக்கிழம அப்பாயின்மென்ட் இருக்குண்ணே. நோட்டையும் எடுத்துட்டு போறேன், ஸ்கேனும் கேக்குறேன். விந்து விஷயத்த அப்பாகிட்ட இன்னிக்கு ராத்திரி நானே சொல்றேன் அக்கா.