ஃப்ரீஸ்லாந்துச் சுவர்க்கடிகாரங்கள்: பார்த்தவையும் வாங்கியதும்

டச்சுப் பழங்கடிகாரம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, உச்சியில் உலக உருண்டையைச் சுமக்கும் அட்லஸ் பொம்மையும் அடியில் பேரிக்காய் வடிவப் பித்தளை எடைகள் இரண்டும் கொண்ட சான்டாம் வகைதான். நெதர்லாந்தின் பழம்பொருள் சந்தைகளில் இன்று கண்ணில் படும் சான்டாம் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட நகல்கள். உள்ளே ஓடுவது ஜெர்மானியத் தொழிற்சாலை இயந்திரம். சுவருக்கு அழகாகவே இருக்கும், நேரமும் தவறாது. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சான் ஆற்றங்கரையில் செய்யப்பட்ட மூலக் கடிகாரங்களுக்கும் இவற்றுக்கும் உருவ ஒற்றுமைக்கு மேல் உறவில்லை. ஆகவே, வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் நான் பழகிய வேறு இரண்டு வகைகளைப் பற்றி எழுதுகிறேன். அசல்கள் இன்னும் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது அங்கேதான்.

அந்த மாகாணத்தின் கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் யவுரே. 1753இல் தொடங்கப்பட்ட டவ்வே எக்பெர்ட்ஸ் காப்பி வணிகம் பிறந்ததும் இவ்வூரில்தான் என்பதால், அங்குள்ள அருங்காட்சியகத்தில் காப்பியையும் பித்தளை வார்ப்படத்தையும் கடிகாரங்களையும் சேர்த்தே பார்த்துவிடலாம். 'ஸ்டூல்க்ளோக்' எனப்படும் வகையை நான் முதன்முதலில் நின்று நிதானமாகப் பார்த்தது அங்கேதான். பின்பலகையிலிருந்து நீண்டிருக்கும் ஒரு சிறு மரப்பீடத்தின் மேல் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேல் ஒரு கூரை. இருபுறமும் வண்ணம் தீட்டிய கடற்கன்னிகள். முகப்பைச் சுற்றி ஈயத்தில் வார்த்துப் பொன்னிறம் பூசிய பூவேலை. திருவிழாச் சப்பரத்தைச் சுவரில் மாட்டிவைத்தது போன்ற இந்தப் பகட்டு, வெள்ளைச் சுவரும் வெறும் பலகையுமாக இருக்கும் டச்சுத் தேவாலயங்களைப் பார்த்துப் பழகிய எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

பகட்டுக்குப் பின்னால் இருக்கும் அறிவைக் காட்டியவர், யவுரேக்கு அருகில் ஒரு சிற்றூரில் கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கடைசலிட்ட பித்தளைத் தூண்கள் நான்கிற்கும் இடையே சக்கரங்கள் நிற்பதைக் காட்டிவிட்டு, எடை தொங்கும் சங்கிலியைக் கையில் எடுத்தார். அச்சங்கிலிக்கு முனையே இல்லை. ஒரே வளையமாக அது நேரச் சக்கரத்தின் மீதும் மணியடிக்கும் சக்கரத்தின் மீதும் ஏறி இறங்குகிறது. இடையில் தொங்கும் ஒரே எடை இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்கிறது. எடையை மேலேற்றுவதற்காகச் சங்கிலியை இழுக்கும்போதும் நேரச் சக்கரத்தின் மீதுள்ள இழுவிசை குறைவதில்லை, ஆதலால் கடிகாரம் ஒரு கணமும் தயங்குவதில்லை. இந்த ஏற்பாடு டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வகுத்தது. 1656இல் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்து, மறு ஆண்டில் அதன் உரிமையை ஹேக் நகரக் கடிகாரக் கலைஞர் சாலமன் கோஸ்டர் பெறும்படி செய்தவரும் அவரே. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிசகிக்கொண்டிருந்த கடிகாரங்கள், ஊசல் வந்தபின் சில விநாடிகள் மட்டுமே பிசகின. பெரும் அறிவியலாளரின் மேசையில் பிறந்த யோசனை ஒன்று நூறாண்டு கழித்துப் பண்ணைவீட்டுச் சமையலறையில் கடற்கன்னிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது என்பதே, என்னைப் பொறுத்தவரை, இக்கடிகாரங்களின் முதன்மையான ஈர்ப்பு. அருகில் ஃப்ரானேக்கர் ஊரில் கம்பளி சீவும் தொழிலாளியான ஐசெ ஐசிங்கா, தம் வீட்டு அறையின் உட்கூரையிலேயே கோள்கள் சுழலும் ஒரு மண்டலத்தை 1774 முதல் 1781 வரை செய்துமுடித்தார். அதையும் ஊசல் கடிகாரமே இயக்குகிறது. பார்க்காதவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, 'ஸ்டார்ட்க்ளோக்' என்னும் வால் கடிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளில் பரவலாக இருந்த இதன் ஓக் மரக் கூட்டுக்குக் கீழே நீளமாகத் தட்டையான பெட்டி ஒன்று இறங்குகிறது. ஊசல் அதற்குள் ஆடுவதைச் சிறு கண்ணாடிச் சாளரம் வழியே காணலாம். எங்கள் குடியிருப்பில் ஒரு மூதாட்டியின் கூடத்தில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழரை மணிக்கு அது எட்டு முறை அடித்தபோது பழுதென்றே நினைத்து அவரைப் பார்த்தேன். "காதால் கேள், எண்ணாதே" என்றார். அரை மணிக்கு, வரப்போகும் மணியின் எண்ணிக்கையை முழுதாகச் சிறிய மணியில் கீச்சுக்குரலில் அடிப்பதும், மணி நிறைந்ததும் அதே எண்ணிக்கையைப் பெரிய மணியில் அடிப்பதும் டச்சு வழக்கம். இருட்டில் படுத்தபடியே நேரம் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை; ஒரே ஓர் அடியைக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டரையா, ஒன்றா, ஒன்றரையா என்று விழிக்க வேண்டியதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு அம்முதியவர் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். செய்தவர் பெயரைத் தேடிப் பயனில்லை. ஃப்ரீஸ்லாந்துக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்படுவதே இல்லை. முதலில் தகடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்றும் பொருத்தப்படாமல் திறந்து கிடக்கும் துளை, ஒரு காலத்தில் அங்கே வேறு உறுப்பு இருந்ததைக் காட்டும். ஊசலின் ஆட்டத்துக்கேற்பச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் உறுப்பான தடுப்பியில், பழைய வெர்ஜ் வகை கழற்றப்பட்டுப் பிற்காலத்து நங்கூர வகை வந்திருக்கலாம். அல்லது வேறொரு கூட்டுக்குரிய இயந்திரம் இங்கே குடிவந்திருக்கலாம். அடுத்தது வண்ணம். முகப்பின் சித்திரம் ஓரங்களில் தேய்ந்தும் வெடித்தும் இருந்தால் அதை விட்டு விலக வேண்டாம், புத்தம்புதுப் பூச்சைக் கண்டால்தான் கேள்வி கேட்க வேண்டும். ஈய வார்ப்புகளைப் பளபளக்கத் தீட்டி விற்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது கடிகாரத்தின் வயதைத் துடைத்தெறியும் வேலை என்பது என் கருத்து.

விலை நிலவரம் இன்று வாங்குபவர் பக்கம் இருக்கிறது. கனமான ஓக் மரச் சாமான்களை இளைய தலைமுறை விரும்பாததால், ஒரு காலத்தில் குடும்பச் சொத்தாகக் கருதப்பட்ட வால் கடிகாரம் ஏலங்களில் சில நூறு யூரோவுக்கே போகிறது. நல்ல ஸ்டூல்க்ளோக்குக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது ஒரு வால் கடிகாரம். முகப்பில் தீட்டிய கிராமக் காட்சியில் பாதி வானம் மங்கிவிட்டது, உச்சியில் நிற்கும் அட்லஸின் இருபுறமும் எக்காளம் ஊதும் தேவதைகளில் ஒருத்திக்கு எக்காளமே இல்லை. மத்திய வெப்பமூட்டலின் வறண்ட காற்று ஓக் மரத்தைப் பிளந்துவிடும் என்பதால், ரேடியேட்டர் இல்லாத சுவரில் மாட்டியிருக்கிறேன். இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவு செய்து, தேய்ந்த அச்சுத் துளைகளுக்குப் புதுப் பித்தளை இட்டுத் தர ஆன செலவு, கடிகாரத்துக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிட்டது. இந்த வகையை வாங்குகிறவர்கள் அந்தத் தொகையையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. எக்காளத்தை மட்டும் புதிதாகச் செய்து ஒட்ட வேண்டாம் என்று முதியவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் ஒட்டுவதாக இல்லை.