மதிப்புரைக்கு வந்த பொருளுக்கு வருமான வரி: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். யூடியூபில் சமையல் காணொளிகள் வெளியிட்டு வரும் நான், முதன்முறையாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஆயத்தமாகிறேன். விளம்பர வருவாய் வங்கிக் கணக்கில் தெளிவாக உள்ளது. குழப்பம் பொருளாக வந்ததில்தான். ஒரு நிறுவனம் மதிப்புரைக்காக அனுப்பி என்னிடமே விட்டுவிட்ட 32,000 ரூபாய் அடுப்புக்கு, ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் இத்தகைய பயன்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 10 விழுக்காடு வரி பிடிக்கப்பட்டிருப்பதை என் பெயரில் பிடிக்கப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் கண்டேன். அதே அடுப்பில்தான் இன்றும் படப்பிடிப்பு நடத்துகிறேன் என்பதால், அதன் மதிப்பை வருமானமாகக் காட்டிவிட்டுத் தேய்மானம் (பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறையும் மதிப்புக்கான கழிவு) கோரலாமா? மேலும், அமெரிக்கப் பார்வையாளர்கள் வழி வந்த வருவாயில் அங்கே பிடிக்கப்பட்ட வரியை, 67ஆம் படிவம் அளித்து இங்கே கழித்துக்கொண்ட அனுபவமுள்ளவர்கள், எந்தச் சான்றுகளை இணைத்தீர்கள் என்று அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.