நிமோனியாவுக்குப் பின் லியோனில் ஒரு நாள்: மேடு ஏறாமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

மெதுநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நிமோனியாவால் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். காய்ச்சலும் சளியும் விட்டுவிட்டன. ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் உடம்பு தானாகவே படுக்கையைத் தேடுகிறது. சமதரையில் நடக்கலாம், மேடு ஏற வேண்டாம் என்பது மருத்துவர் சொன்னது.

வருகிற வியாழக்கிழமை என் மனைவிக்கு லியோனில் அலுவலக வேலை இருக்கிறது. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம்தான் என்பதால் என்னையும் உடன் வரச் சொல்கிறார். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தனியாக இருப்பேன். பழைய நகரம், ரோமானிய அரங்கு, குன்றின் மேலுள்ள ஃபூர்வியேர் பேராலயம் ஆகியவற்றைப் பார்க்க நெடுநாள் ஆசை. வரைபடத்தைப் பார்த்தால் பாதி ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. என் நிலையில் உள்ளவர் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே வசிப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சோன்கரை எழுதியது:

லியோனில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பழைய நகரத்தில் தொடங்கி, உற்சாகத்தில் ஷாசோ படிக்கட்டு வழியாகக் குன்றில் ஏறுகிறார்கள். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். நல்ல உடம்புக்காரரே நடுவில் நின்றுவிடுவார். நீங்கள் வரிசையை மாற்றி, களைப்பில்லாத காலை நேரத்திலேயே உச்சிக்குப் போய்விடுங்கள், ஆனால் காலால் அல்ல.

பார்-தியே நிலையத்தில் இறங்கியதும் மெட்ரோ பி தடத்தில் சாக்ஸ்-கம்பெத்தா வரை வந்து, அங்கே டி தடத்துக்கு மாறினால் வியூ லியோன் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து, கம்பிவடத்தால் குன்றின் மேல் இழுக்கப்படும் இழுவை ரயில் கிளம்புகிறது. இந்த ஊர்க்காரர்கள் அதை ‘ஃபிசெல்’, அதாவது கயிறு, என்றுதான் சொல்வார்கள். உலகின் முதல் நகர்ப்புற இழுவை ரயில்களில் ஒன்று 1862-இல் இதே ஊரின் மற்றொரு குன்றான குருவா-ரூஸில் ஓடியது. வியூ லியோனிலிருந்து இரண்டு தடங்கள் பிரிகின்றன. செயின்-ழுஸ்த் போகும் பெட்டியில் தவறி ஏறிவிடாமல், ஃபூர்வியேர் என்று பலகை பார்த்து ஏறுங்கள். இறங்கும் இடத்துக்கு எதிரிலேயே பேராலயம்.

1872-இல் கட்டத் தொடங்கி 1896-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கட்டடம் எனக்கு எப்போதும் அளவுக்கு மீறிய அலங்காரமாகவே தோன்றும். ஆனால் அதன் பக்கத்து மேடையிலிருந்து ரோன், சோன் ஆகிய இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நகரத்தைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம். உட்கார இடம் உண்டு. காற்று பலமாக இருந்தால் மட்டும் கழுத்துத் துணி இல்லாமல் நிற்க வேண்டாம்.

அங்கிருந்து சற்றே இறக்கமான சாலையில் சில நிமிடங்கள் நடந்தால் ‘லுக்டூனும்’ என்ற ரோமானிய அருங்காட்சியகம். 1975-இல் திறக்கப்பட்ட இது குன்றின் உள்ளே புதைத்துக் கட்டப்பட்டது. மேலே நுழைந்து சரிவுப்பாதையில் கீழே கீழே இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். பேரரசர் கிளாடியஸ் கி.பி. 48-இல், ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பெரியோர்களை ரோமானியச் செனட்டில் சேர்க்கும்படி ஆற்றிய உரையின் வெண்கலத் தகடு இங்கேதான் இருக்கிறது. கிளாடியஸ் பிறந்ததும் இதே ஊரில்தான். ரோமானிய அரங்கை அருங்காட்சியகத்தின் பெரிய கண்ணாடிச் சாளரத்திலிருந்து பார்த்துவிட்டால் போதும். அரங்கின் கற்படிகளில் இறங்கினால் திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

பிறகு அதே கயிற்று ரயிலில் இறங்கி, பழைய நகரத்தில் ஒரே ஒரு ‘த்ராபூல்’ பாருங்கள். த்ராபூல் என்பது வீடுகளின் உள்ளே புகுந்து ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு வெளியேறும் நடைவழி. செயின்-ழான் தெரு 54-ஆம் எண் கதவிலிருந்து பெஃப் தெரு 27-ஆம் எண் வரை போவதே மிக நீளமானது; நான்கு முற்றங்களைக் கடக்கும். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், ஆகவே சத்தமில்லாமல் நடக்க வேண்டும். தெருக்களில் பதித்திருப்பது ஆற்றுக் கூழாங்கல். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம்.

தேறியவள் எழுதியது:

சோன்கரை அவர்கள் தந்த வரிசை சரிதான், ஆனால் நோயிலிருந்து எழுந்தவருக்கு அது அதிகம் என்று நினைக்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் எனக்கும் இதே நோய் வந்தது; களைப்பு முழுதும் நீங்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. நலமாக இருப்பதாகத் தோன்றும் நேரத்தில்தான் நாம் வரம்பை மீறுகிறோம். ஆகவே குன்றின் மேல் பேராலயம், அருங்காட்சியகம் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மதியத்தை இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ள பிரெஸ்கில் பகுதியில் கழியுங்கள். அது முழுவதும் சமதரை.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்த்தது ஓத்தெல்-தியே என்னும் பழைய மருத்துவமனையைத்தான். ரோன் கரையில் ஏறத்தாழ 375 மீட்டர் நீளத்துக்கு அதன் முகப்பு நிற்கிறது, வடிவமைத்தவர் சூஃப்லோ. எழுத்தாளர் ரபெலே 1532-இல் இங்கே மருத்துவராகச் சேர்ந்தார். நோயாளிகளின் அறைகளில் தேங்கும் கெட்ட காற்று மேலேறி வெளியேற வேண்டும் என்ற அக்கால எண்ணத்தோடு எழுப்பிய பெரிய குவிமாடம் 1944-இல் தீயில் அழிந்து, பின்னர் மறுபடி கட்டப்பட்டது. 2010-இல் மருத்துவமனை மூடப்பட்டு, 2018-இல் கடைகளும் விடுதியுமாகத் திறக்கப்பட்டது. நோயாளிகள் காற்று வாங்கிய முற்றங்களில் இன்று காப்பி விற்கிறார்கள். அந்த மாற்றம் எனக்கு உவப்பானதல்ல என்றாலும், நிழலில் அமர்ந்து ஓய்வெடுக்க அந்த முற்றங்களைப் போல் வேறிடம் நகர நடுவில் குறைவு.

ஃபூர்வியேருக்கே போவதென்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 1643-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகர மன்றத்தார், ஊர் தப்பினால் ஆண்டுதோறும் அந்தக் குன்றில் ஏறி மாதாவை வணங்குவதாக நேர்ந்துகொண்டார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் அந்த நேர்த்திக்கடன் இன்றும் தொடர்கிறது. டிசம்பர் 8-இல் ஊரெங்கும் சாளரங்களில் விளக்கேற்றும் வழக்கம் வேறு; குன்றின் மேல் மாதாவின் சிலையைத் திறந்து வைக்கும் விழா, 1852-இல் சோன் ஆற்று வெள்ளத்தால் செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனதிலிருந்து அது தொடங்கியது.

அடுப்படி எழுதியது:

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘புஷோன்’ எனப்படும் லியோன் உணவகங்களில் குடல், ஈரல், வெண்ணெய் என்று எல்லாமே கனமாக இருக்கும். ஆன்டிபயாடிக் முடித்த வயிறு தாங்காது. மீன் சேர்த்துச் செய்யும் ‘கெனெல்’ மிருதுவானதுதான், ஆனால் அதன் மேல் ஊற்றும் குழம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். நானாக இருந்தால் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோவேன். மருந்துச் சீட்டைப் பையில் வையுங்கள். மூச்சுத் திணறினால் யோசிக்காமல் அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழையுங்கள்.

மெதுநடை எழுதியது:

போய் வந்துவிட்டேன், மூவருக்கும் நன்றி. தேறியவள் அக்கா சொன்னதைக் கேட்காமல் பேராலயம், அருங்காட்சியகம் இரண்டுக்கும் போனேன். சரிவில் இறங்குவது சுகமாக இருந்ததால் எவ்வளவு தூரம் நடந்தேன் என்பதே தெரியவில்லை. கிளாடியஸின் தகட்டின் முன் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. காவலராக இருந்த பெண்மணி ஒரு நாற்காலி கொடுத்து, மேலே வர மின்தூக்கியையும் காட்டினார். அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த இருபது நிமிடங்களில் அந்தத் தகட்டைப் பார்த்த அளவுக்கு வேறெதையும் அன்று நான் பார்க்கவில்லை. எழுத்துகள் அவ்வளவு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கின்றன.

த்ராபூல் போகவில்லை. பிற்பகல் முழுவதும் தெரோ சதுக்கத்தை ஒட்டிய செயின்-பியேர் மாளிகையின் உள்முற்றத் தோட்டத்தில் இருந்தேன். முன்பு கன்னியர் மடமாக இருந்து இப்போது நுண்கலை அருங்காட்சியகமாக உள்ள அந்தக் கட்டடத்தில் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கஞ்சியை அங்கேதான் குடித்தேன். ஐந்து மணிக்கு மனைவி வந்தபோது ஒரு பெஞ்சில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.