குத்துச்சண்டையில் கனமான கைக்காரரோடு, அதாவது அடியில் பலம் அதிகமுள்ளவரோடு மோதியிருக்கிறீர்களா? பலம் பெரிதா, நுட்பம் பெரிதா? அனுபவத்தைப் பகிருங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஜிம்மில் ஹெவிவெயிட் அண்ணன் ஒருவர் இருந்தார். வலது கையைத் தொங்கும் குத்துப் பையில் இறக்கினால் சங்கிலி குலுங்குகிற சத்தம் வாசல் வரை கேட்கும். ஒருநாள் என்னை அவரோடு ஸ்பாரிங்குக்கு (பயிற்சி மோதலுக்கு) இறக்கினார் மாஸ்டர். முகத்தில் ஒரு அடிகூட சுத்தமாக விழவில்லை, எல்லாவற்றையும் கார்டிலேயே, அதாவது முகத்தை மறைத்துத் தூக்கிய கைகளிலேயே வாங்கினேன். ஆனாலும் இரண்டாவது ரவுண்டிலேயே இடது முன்கை மரத்துப்போய், என் கிளவுஸே என் நெற்றியில் வந்து இடித்தது. அதைவிட முக்கியமானது, நான் ஜாப் (முன் கையால் நேராகப் போடும் வேகக் குத்து) போடுவதே நின்றுவிட்டது. கையை நீட்டினால் அந்தப் பக்கம் திறந்துவிடுமே என்ற எண்ணம்தான். விழுந்த அடியைவிட, இனி விழப்போகிற அடிதான் என்னைக் கட்டிப்போட்டது. பலத்துக்கு இப்படி ஒரு வேலை இருப்பதை வெளியில் நின்று பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

அதே அண்ணனோடு அவரைவிட எடை மிகக் குறைந்த வெல்டர்வெயிட் பையன் ஒருவன் ஆடியதையும் பார்த்தேன். வலது கை கிளம்பும் முன் அண்ணனின் பின் குதிகால் தரையில் அழுந்தும், தோள் லேசாக இறங்கும். பையன் கண்ணை அவர் மார்பில் வைத்தபடியே அதைப் பிடித்துவிடுவான். அண்ணன் காலை ஊன்றி முடிப்பதற்குள் ஒரு ஜாப், இடது பக்கம் அரை அடி நகர்வு, அவ்வளவுதான். அவர் திரும்பவும் காலை ஊன்ற வேண்டும். மூன்றாவது ரவுண்டில் அண்ணன் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஓங்கி வீசி அடி காற்றில் போனால், அடித்ததைவிட அதிகமாகக் களைக்கும்.

1974 அக்டோபர் 30-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மேனும் மோதியபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஃபோர்மேன் அதுவரை 40 போட்டியில் ஒன்றில்கூடத் தோற்காதவர், அதில் 37 நாக் அவுட். சாம்பியனாக இருந்த ஜோ ஃப்ரேஸியரை ஆறு முறை கீழே தள்ளி இரண்டே ரவுண்டில் முடித்தவர். அலி கயிற்றில் சாய்ந்து அடியைக் கையிலும் விலாவிலும் வாங்கிக்கொண்டார், தலையை மட்டும் பின்னால் எடுத்தார். அவர் சும்மா அடி வாங்கியதாகத்தான் பலர் சொல்கிறார்கள். பழைய பதிவை நிதானமாகப் பாருங்கள். இடையிடையே நேராக வலது கை போய்க்கொண்டே இருக்கும். எட்டாவது ரவுண்டில் விழுந்தவர் ஃபோர்மேன். என் கணக்கில் பலத்தைவிட முதலிடம் கால்களுக்கும் தூரக் கணிப்புக்கும்தான்.

*

அண்ணா, நீங்கள் சொல்வது பாதிதான் என்பேன். நண்பன் ஒருவனுக்கு நான் கார்னரில் (ரவுண்டுக்கு நடுவில் உதவுகிற ஆளாக) நின்ற போட்டி. இரண்டு ரவுண்ட் முழுக்க அவன் கைதான் ஓங்கியிருந்தது. மூன்றாவதில் ஜாப் போட்டுவிட்டு, இடது கையை முகத்துக்குத் திருப்பாமல் கொஞ்சம் தாழ்வாக இழுத்தான். எதிராளியின் வலது கை அதற்கு மேலாக வந்தது. ஒரே அடி. எழுந்து நின்றான், ஆனால் ரெஃப்ரியின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, போட்டியை நிறுத்திவிட்டார்கள். ஆறு நிமிஷம் அழகாக ஆடியது எதற்கும் உதவவில்லை.

குத்துச்சண்டை வீரர்கள் ஜூலியன் ஜாக்சன், ஹெரால் கிரஹாம் மோதிய போட்டியைப் பாருங்கள், 1990 நவம்பர், ஸ்பெயினில் நடந்தது. ஜாக்சனின் கண் வீங்கி, இன்னும் ஒரு ரவுண்டுதான் தரலாம் என்ற நிலைமை. கிரஹாம் முடித்துவிடலாம் என்று உள்ளே வந்தார். ஜாக்சனின் ஒரு வலது கை, கேன்வாஸைத் தொடும் முன்பே கிரஹாமுக்கு நினைவு போய்விட்டது. உங்கள் ஃபோர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்து, பத்தாவது ரவுண்டில் அப்போதைய சாம்பியன் மைக்கேல் மூரரைப் படுக்க வைத்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். வேகம் போகும், கால் போகும், பலம் கடைசி வரை நிற்கும்.

*

நான் அமெச்சூரில் ஆடுகிற பெண். இங்கே கணக்கே வேறு. மூன்று ரவுண்ட், ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், ஐந்து நடுவர்கள். எதிராளியை விழவைத்து எட்டு வரை எண்ண வைத்தாலும், அதற்காக மட்டும் தனிப் புள்ளி கிடையாது. மாநிலப் போட்டியில் ஒரு சவுத்பா (வலது கையை முன்னும் இடது கையைப் பின்னும் வைத்து ஆடுகிற) பெண்ணிடம் முதல் ரவுண்டிலேயே எண்ணிக்கை வாங்கினேன். அவள் இடது கை அவ்வளவு கனம், காது கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டது. கார்னரில் மாஸ்டர் சொன்னது ஒன்றுதான்: "முன் காலை அவ காலுக்கு வெளிய வைம்மா." அப்படியே செய்தேன். அவள் இடது கை என் தோளைத் தாண்டிப் போக ஆரம்பித்தது, என் வலது கைக்கு நேராக வழி திறந்தது. கடைசி இரண்டு ரவுண்டையும் எடுத்து ஜெயித்தேன்.

ஆனால் அந்த அடிக்கு அப்புறம் என் கார்டு ஒரு தடவைகூட இறங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளும் வெறும் தோள் பலத்தில் அடிக்கவில்லை. பின் கால் திரும்பி, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கை வந்தது. அதுவும் நுட்பம்தானே, அதை ஏன் தனியாகப் பிரித்துப் பேசுகிறோம்?

இந்த வருஷம் அவளோடு மறுபடி மோத வேண்டி வர வாய்ப்பு இருக்கிறது. இந்தத் தடவை அவளும் அந்தக் காலுக்குத் தயாராக வருவாள். சவுத்பாக்களோடு அதிகம் ஆடியவர்கள், அவர்கள் காலை மாற்றி வைக்கும்போது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.