காஷ்மியர் ஸ்வெட்டரில் பத்தே நாளில் பிசிறு உருண்டை: ஏமாந்துவிட்டேனா?

கேட்டவர்: குளிர்தாங்கி

லேபிளில் நூறு சதவீதம் காஷ்மியர் என்று போட்டிருக்கிறது. கடையில் நாலைந்தைத் தொட்டுப் பார்த்து, எது பஞ்சு மாதிரி இருந்ததோ அதைத்தான் எடுத்தேன். பத்து நாள் தொடர்ந்து போட்டிருப்பேன், அதற்குள் அக்குள் பக்கமும் வலது இடுப்புப் பக்கமும் கடுகு கடுகாக உருண்டை. கையால் பிய்த்தேன், மறுநாள் அதைவிட அதிகம். கடைசியில் பொறுமை போய் முகச்சவர ரேசரை வைத்து இழுத்துவிட்டேன், ஓரிடத்தில் துணி மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது (திட்டலாம், தகும்). இது போலியா? இல்லை நான்தான் கெடுத்தேனா? அடுத்து வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

நூல்கண்டு

திட்ட மாட்டேன், நானும் அதே ரேசரோடு ஒரு காலத்தில் உட்கார்ந்தவன்தான். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். உருண்டை உடம்பு முழுக்க இருக்கிறதா, அந்த இரண்டு இடத்தில் மட்டுமா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பின்னலின் ஊடாக அந்தப் பக்கம் தெரிகிறதா?

குளிர்தாங்கி

முதுகிலும் நெஞ்சிலும் ஒன்றுமில்லை. வலது இடுப்பு, இரண்டு அக்குள், அப்புறம் முன்கையின் அடிப்பக்கம் கொஞ்சம். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் எண்ணலாம்.

நூல்கண்டு

அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. வலது தோளில் பை மாட்டுகிறீர்கள், அது இடுப்பில் உரசுகிறது. முன்கை மேசை விளிம்பில் உரசுகிறது. காஷ்மியர் என்பது வெள்ளாட்டின் உள்ரோமம், மிக மெல்லியது. அமெரிக்கச் சட்டப்படி காஷ்மியர் என்று விற்க வேண்டுமானால் இழையின் சராசரி விட்டம் 19 மைக்ரானைத் தாண்டக் கூடாது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் நீளத்தைப் பற்றி அந்த லேபிள் வாயே திறக்காது, விஷயமே அங்கேதான் இருக்கிறது. இழை குட்டையாக இருந்தால் அதன் நுனி நூலின் முறுக்கிலிருந்து சுலபமாக வெளியே வந்துவிடும், உரச உரச வெளியே வந்த நுனிகள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். அதனால் நூறு சதவீதம் அசல் காஷ்மியரும் உருண்டை பிடிக்கும். போலியா என்று சந்தேகமிருந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாசனை வந்து சாம்பல் விரலில் நொறுங்கினால் விலங்கு ரோமம், உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை கலந்திருக்கிறது. வெள்ளாட்டு ரோமமா செம்மறியாட்டுக் கம்பளியா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும்.

இருபுரி

பஞ்சு மாதிரி இருந்ததை எடுத்தேன் என்றீர்களே, வாங்கும்போதே சறுக்கியது அங்கேதான். தண்ணீரில் நன்றாக அலசி அலசி மேலே ரோமத்தைக் கிளப்பிவிட்டால் எந்த ஸ்வெட்டரும் கடையில் மெத்தென்று இருக்கும். அந்தக் கிளம்பிய ரோமம்தான் பிறகு உருண்டை. நல்ல உடுப்பு முதல் நாள் கொஞ்சம் வறண்டு, கொஞ்சம் விறைப்பாகக்கூட இருக்கும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். அடுத்த முறை உள்ளங்கையால் ஓரிடத்தில் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துப் பாருங்கள், உடனே பிசிறு எழுந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விளிம்பை இழுத்து விடுங்கள், சட்டென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒற்றைப்புரி நூலைவிட, இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கிய இருபுரி நூல் மேல், நெருக்கமான பின்னல் மேல். விரல் எண்ணும்படி தெரிந்தால் வேண்டாம்.

நைலான் கலந்தால் உருண்டையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுத்தமான ரோமத்தில் வரும் உருண்டை நாளடைவில் தானே உதிரும், பலமான செயற்கை இழை கலந்தால் அது உருண்டையை விடாமல் பிடித்துத் தொங்கவைக்கும்.

குளிர்தாங்கி

சரி, வாங்கியாகிவிட்டது, இனி இதை என்ன செய்வது? சாதாரண சலவைத்தூளில் துவைத்து, வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவமும் (மென்மையாக்கி) ஊற்றினேன். அதுவும் தப்பா?

நூல்கண்டு

தப்புதான். பல சலவைத்தூள்களில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி இருக்கும், ரோமமும் புரதம்தான், அது கறையையும் ரோமத்தையும் பிரித்துப் பார்க்காது. கம்பளிக்கென்று விற்கும் திரவம் வாங்குங்கள், இல்லையென்றால் மிதமான குழந்தை ஷாம்பு போதும். உட்புறத்தை வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுங்கள், கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. அலசும் தண்ணீரும் அதே அளவு குளிர்ச்சியில் இருக்கட்டும். பிறகு துண்டில் வைத்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி அழுத்தினால் தண்ணீரைத் துண்டு குடித்துவிடும். படுக்கப்போட்டுத்தான் உலர்த்த வேண்டும், ஈரத்தோடு தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும். மென்மையாக்கி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, தினமும் போடாதீர்கள். ஒரு நாள் போட்டால் மறுநாளாவது ஓய்வு. பையைக் கொஞ்ச நாள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீப்புக்காரி

உருண்டையைக் கையால் பிய்த்தால் அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் நல்ல இழையும் வெளியே வரும், மறுநாள் இரட்டிப்பானதற்கு அதுதான் காரணம். காஷ்மியர் சீப்பு என்றே சின்னதாக, நெருக்கமான பல்லோடு விற்கிறார்கள். சமதரையில் விரித்து ஒரு கையால் துணியை லேசாக இழுத்துப் பிடித்து, ஒரே திசையில், மேலோட்டமாக வாருங்கள். மின்சாரப் பிசிறு நீக்கியும் ஆகும், அழுத்தினால் துணியையே வெட்டிவிடும் என்பதால் எனக்கு அதன் மேல் பயம் உண்டு. முதல் சில துவைப்புவரை உருண்டை வரத்தான் செய்யும், தளர்வான குட்டை இழைகள் வெளியேறித் தீர்ந்ததும் வெகுவாகக் குறையும். அதற்குள் மனம் விட்டுவிடாதீர்கள்.

குளிர் முடிந்து உள்ளே வைக்கும் முன் கட்டாயம் துவைத்து வையுங்கள், வியர்வைக் கறை உள்ள இடத்தைத்தான் துணிப்பூச்சியின் புழு முதலில் தேடிப் போகும். மடித்து, மூடி இறுக்கமான பெட்டியில்.

குளிர்தாங்கி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நூலைக் கொளுத்தினேன், முடி வாசனைதான், ஆக விலங்கு ரோமம் வரை உறுதி. இரண்டு முறை ஷாம்புவில் அலசி, சீப்பால் வாரினேன். அக்குளில் இன்னும் கொஞ்சம் வருகிறது, இடுப்பில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ரேசர் போட்ட இடம்தான் மெலிந்தபடியே இருக்கிறது.

இருபுரி

ஓட்டை விழுவதற்கு முன் கவனியுங்கள். உள்பக்கத் தையலோரம் மாற்று நூல் சிறு பொட்டலத்தில் கட்டியிருக்கிறதா பாருங்கள், பல ஸ்வெட்டர்களில் வைப்பார்கள். இல்லாவிட்டால் அதே நிறத்தில் மெல்லிய கம்பளி நூல். முனை மழுங்கிய ஊசியால், இருக்கும் கண்ணிகள் போகும் வழியிலேயே நூலை ஓட்டிக்கொண்டு போங்கள், இறுக்கி இழுக்க வேண்டாம்.