ஓசியில படிக்கிற வெப்காமிக்ஸுக்கு விமர்சனம் எழுதலாமா? (ஒரு ரயில் எஞ்சின் விவகாரம்)

ஏலகிரி வண்டி கேட்டது:

காட்பாடியிலேருந்து சென்னைக்கு தினமும் போய் வர்றவ நான். கணக்கு எழுதுற வேலை. காலையில ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல உக்கார எடம் கெடைச்சா தூக்கம், கெடைக்கலன்னா போன்ல காமிக்ஸ். ஒரு கையால கம்பியப் புடிச்சிகினு இன்னொரு கை கட்டைவெரலால தள்ளிகினே படிக்கலாம், அத விட வசதி வேற இல்ல. ரெண்டு வருஷமா படிக்கிறேன். படிச்சதப் பத்தி நாலு வரி எழுதியும் போடுறேன். எனக்கு வரையத் தெரியாது. ஸ்கூல் ரெக்கார்டு நோட்டுல தவளையே எங்க அண்ணன்தான் வரைஞ்சு குடுத்தான்.

கொஞ்ச நாள் முன்னாடி நம்ம வேலூர்ப் பையன் ஒருத்தர் வரையிற வெப்காமிக்ஸ் கண்ணுல பட்டுது. பேரு போட மாட்டேன், ஏன்னு கீழ புரியும். 1806 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சிதான் கதை. ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி. கோட்டைக்குள்ள ஒரு சிப்பாய், அவனோட தம்பி, பேட்டையில ரொட்டி சுடுற ஒரு கெழவர். பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரில உக்காந்து வரையிறாராம். பதினோரு எபிசோடு வந்திருந்துது. போகும்போது ஆறு, வரும்போது அஞ்சுன்னு ஒரே நாள்ல முடிச்சிட்டேன்.

ஒன்பதாவது எபிசோடுல கலகத்த அடக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டுலேருந்து குதிரைப்படையோட கெளம்பி வர்றாரு. பின்னாடி மலை, பனைமரம், அதுக்கும் பின்னாடி தண்டவாளம்! தூரத்துல புகை விட்டுகினு ஒரு எஞ்சின் வேற. நான் தினமும் வாலாஜா ரோடு தாண்டிப் போறவ. ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் நடுவுல முதல் ரயில் ஓடுனது 1856 ஜூலை 1. அதாவது கலகம் முடிஞ்சு அம்பது வருஷம் கழிச்சு. சும்மா இருப்பேனா? "துரை ஏன் குதிரையில கஷ்டப்படணும்? பின்னாடியே பாசஞ்சர் வருதே, ஏறி, காட்பாடியில மாறி, கண்டோன்மென்ட்ல எறங்கியிருக்கலாமே"ன்னு எழுதினேன். அதுக்குக் கீழ, முகமெல்லாம் ஒரே அச்சு, கைவெரல் வெண்டைக்காய், அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்.

பாசஞ்சர் வரிக்கு சிரிப்புப் பொம்மையா வந்து குவிஞ்சுது. யார் யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்பினாங்க. நானும் ரெண்டு நாள் அத எடுத்து எடுத்துப் பாத்துகினு இருந்தேன், மறைக்கல. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வர்ற எபிசோடு வரல. இந்த வாரத்தோட நாலு வெள்ளி.

நான் காசு குடுத்துப் படிக்கல. அவரும் காசுக்கு வரையல. வரையத் தெரியாத நான் எத எழுதலாம், எத எழுதக் கூடாது? வாய மூடிகினு படிச்சிட்டுப் போயிடணுமா? "அருமை, தொடருங்கள்"னு போட எனக்குக் கை வர மாட்டேங்குது.

சத்துவாச்சாரி சந்து எழுதினது:

தப்புன்னா தப்புதான் மேடம். வரலாற்றுக் கதை பண்றவர் இதக்கூட பாக்கலன்னா யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்? நாலு வாரம் வரலன்னா உங்களாலதான்னு எப்படி முடிவு பண்ணீங்க? வீட்டுல கல்யாணமா, ஆபீஸ்ல ஆடிட்டிங்கா, யாருக்குத் தெரியும். ஓட்டல்ல சாம்பார் உப்பு கரிச்சா சொல்றதுக்கு நமக்கு சமைக்கத் தெரியணுமா இன்னா?

மைப்புட்டி எழுதினது:

அக்கா, நானும் வரையிறவன்தான், ஆம்பூர் பக்கம். சந்து அண்ணே, இது ஓட்டல் சாம்பார் இல்ல. பக்கத்து வீட்டுலேருந்து கிண்ணத்துல வந்த கொழம்பு. உப்பு ஜாஸ்தின்னு சொல்லலாம், ஆனா தெருவுல நின்னு கத்த மாட்டோம். கிண்ணத்த வெறுங்கிண்ணமா திருப்பிக் குடுக்கவும் மாட்டோம்.

அக்கா, நீங்க சொன்ன குறை மூணும் மூணு சாதி. ரயில் இருக்குதே, அது தெரிஞ்ச அடுத்த நிமிஷம் அழிச்சிடுற தப்பு. தனி மெசேஜ்ல ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வெண்டைக்காய் வெரல் அவருக்கே தெரியும். கை வரையிறதுல எங்க லட்சணம் எங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் பாதிப் பேரு கதாநாயகன் கைய முதுகுக்குப் பின்னாடி கட்டி வெச்சிடுறோம். என் ஹீரோ ஒரு வருஷம் பாக்கெட்டுலேருந்து கைய எடுக்கவே இல்ல. அதச் சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல, வரைஞ்சு வரைஞ்சு தானா சரியாகணும்.

முகம் ஒரே அச்சுன்னு சொன்னீங்களே, அதுதான் மூணுலயும் உருப்படியானது. ஆனா நீங்க எழுதின விதம் அவருக்கு உதவாது. வரையிறவனுக்கு எல்லா முகமும் பேரோடதான் தெரியும், அவன் பெத்த புள்ளைங்க. படிக்கிறவங்க எங்க முழிக்கிறாங்க, எங்க மேல தள்ளித் திரும்பப் பாக்கிறாங்க, எங்க அலுத்துப்போய் சர்ருனு எறக்கிட்டாங்க, இது எங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது. "மூணாவது எபிசோடுல கதவுகிட்ட பேசுறது அண்ணனா தம்பியான்னு தெரியல, ரெண்டு தடவ மேல போய்ப் பாத்துட்டு வந்தேன்"னு எழுதுங்க. அதுக்கு வரையத் தெரிஞ்சிருக்க வேணாம். எப்படிச் சரி பண்றதுன்றது அவர் பாடு.

(சொன்ன வாயாலயே மீறுறேன். அந்தக் கலகம் எதுக்கு வந்துது? நெத்தியில நாமம், விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடு, மீசைய ஒரே அளவா வெட்டு, தோல் வெச்ச புதுத் தொப்பிய மாட்டுன்னு வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். எல்லா மூஞ்சியும் ஒண்ணாத் தெரியணும்ன்றதுதான் உத்தரவே! மொத ரெண்டு எபிசோடுல ஒருத்தனுக்கு நாமம், ஒருத்தனுக்குத் தாடி, ஒருத்தனுக்குக் கடுக்கன்னு குடுத்து நம்மளப் பழக்கிட்டு, அப்புறம் ஒண்ணொண்ணாப் புடுங்கியிருந்தா? யாரு யாருன்னு தெரியாம நாம முழிக்கிறதே கதையாகியிருக்கும். சே, நான் வரைஞ்சிருக்க வேண்டிய கதை.)

அஞ்சுக்கு ரெண்டுன்றது நூத்துக்கு நாப்பது. நம்ம போர்டு பரீட்சைக் கணக்குல பாஸு. நீங்க பாஸ் போட்டீங்களா, ஃபெயில் போட்டீங்களா?

இன்னொண்ணு. பதினோரு எபிசோடையும் ஒரே நாள்ல முடிச்சேன்னு சொல்றீங்க. புடிக்காததையா முடிச்சீங்க? எது இழுத்துகினு போச்சு? நீங்க எழுதினதுல அது ஒரு வரி கூட இல்லியே.

குடியாத்தம் பழைய புத்தகம் எழுதினது:

அம்மா, 1972ல முத்து காமிக்ஸ் வந்தப்போ நான் டவுசர் போட்ட பையன். சிவகாசிலேருந்து வந்ததுல முக்காவாசி வெள்ளைக்காரன் வரைஞ்ச படம், எழுத்து மட்டும் தமிழ். இங்கிலீஷுக்குன்னு போட்ட பேச்சு பலூனுக்குள்ள தமிழ அடைக்கணும். அவன் மொழியில குட்டிக் குட்டியா மூணு வார்த்தை ஒண்ணு மேல ஒண்ணா நிக்கிற எடத்துல நம்ம "போய்க்கொண்டிருந்தேன்" காலை நீட்டிப் படுத்தாகணும். எழுத்தைப் பொடிசாக்குவாங்க, நாங்க கண்ணச் சுருக்கிகினு படிப்போம்.

மெசேஜ்ல லிங்க் கேட்டு வாங்கி இந்தப் பையனோடதப் பாத்தேன். கதையும் தமிழ், பலூனும் அவரே போடுறது. அப்புறம் எதுக்கு முருங்கைக்காய் மாதிரி ஒல்லியா பலூன் போட்டு, "போய்க்கொண்டிரு"ன்னு மேலயும் "ந்தேன்"னு கீழயும் ஒடைக்கணும்? தமிழுக்குப் பலூன் அகலமா இருக்கட்டும். ரெண்டாவது, நாலாவது எபிசோடுல கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியா கழண்டு நிக்குது, நடுவுல ஒரு புள்ளி வட்டம். "கோட்டை"ன்ற வார்த்தையே இடிஞ்சு கெடக்குது. கில்லஸ்பி பீரங்கி வர்றதுக்கு முன்னாடியே இடிஞ்சிடுச்சு! இது பையன் தப்பில்ல, தமிழ் எழுத்தைச் சேத்துக் காட்டத் தெரியாத அமைப்புல தட்டினா அப்படித்தான் வரும். பழைய போட்டோஷாப்னா எழுத்து அமைப்புக்குள்ள தெற்காசிய மொழிக்குன்னு ஒரு தேர்வு இருக்குது, என் மவன் காட்டினான். ஃபாண்டும் மாத்தலாம். பலூ தம்பின்னு ஒண்ணு இலவசமாவே கெடைக்குது, உருண்டையா, தடிமனா, என்னை மாதிரி ஆளுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

இதயெல்லாம் பொதுவுல எழுதலாமா, தனியா சொல்லணுமான்னு எனக்குத் தெரியல. எழுதிட்டேன்.

ஏலகிரி வண்டி எழுதினது:

மைப்புட்டி தம்பி கேட்டதுக்கு பதில் சொல்ல ரெண்டு நாள் ஆச்சு. எது இழுத்துதுன்னு திரும்பப் போய்ப் பாத்தேன். கயிறு.

பத்தாவது எபிசோடு. கில்லஸ்பி தன் ஆளுங்களுக்கு முன்னாடியே கோட்டைக்கு வந்துட்டாரு. கதவு மூடியிருக்குது. மேல மதில்ல உயிரோட மிச்சமிருக்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க கயிறு எறக்குறாங்க. அதுவரைக்கும் கட்டம் கட்டமா வந்துகினு இருந்த படத்துல அந்த எடத்துல கட்டமே கெடையாது. செவுருதான். கருங்கல்லு, இடுக்குல ஒரு அரசங்கன்னு, திரும்பவும் கருங்கல்லு, நடுவுல மெலிசா ஒரு கயிறு. நான் தள்ளிகினே இருக்கேன், கயிறு முடியல. வண்டி வேற சிக்னலுக்கு நின்னுடுச்சு, பெட்டியில ஒரு சத்தம் இல்ல. கடைசியா கயிறோட நுனி ஆடுது, அதுக்குக் கீழ ஒரு கை. அதே வெண்டைக்காய் வெரல்தான். அந்த எடத்துல அது வெண்டைக்காய்னு எனக்குத் தோணவே இல்ல.

இத நான் எழுதவே இல்லன்றது இப்பதான் ஒறைக்குது. பாசஞ்சர் வரி கெடைச்ச சந்தோஷத்துல மறந்தே போயிட்டேன்.

பழசை எடுத்துட்டேன். ஸ்டார் போடல. புதுசா எழுதினது இவ்ளோதான்:

"ஒரே நாள்ல படிச்சு முடிச்சேன். பத்தாவது எபிசோடுல கயிறு எறங்குற எடத்துல என் ஸ்டேஷன் வந்தாலும் எறங்கியிருக்க மாட்டேன். மூணாவதுலயும் ஏழாவதுலயும் அண்ணன் எது தம்பி எதுன்னு தெரியாம மேல போய்ப் பாத்தேன். ரொட்டிக்காரர் வர்ற எடத்துல அவர் பேசுறது நம்ம ஊர்ப் பேச்சு, 'இன்னாடா, வந்துகினு கீறியா'ன்றாரு, எங்க தாத்தா ஞாபகம் வந்துது. அவரு அஞ்சாவதுக்கு அப்புறம் ஏன் வரல?"

ரயில் விஷயத்த தனி மெசேஜ்ல சொல்லி மன்னிப்பும் கேட்டிருக்கேன். பரவின ஸ்க்ரீன்ஷாட்ட என்ன பண்றதுன்னுதான் தெரியல.

சத்துவாச்சாரி சந்து எழுதினது:

அப்போ வெளிய தப்பே சொல்லக் கூடாதுன்றீங்க. நாளைக்கு ஒரு புள்ள அதப் பாத்துட்டு 1806ல ரயில் ஓடுச்சுன்னு பரீட்சையில எழுதினா?

மைப்புட்டி எழுதினது:

சொல்லியும் மாத்தலன்னா வெளிய சொல்லுங்க அண்ணே, நானும் சேந்து சொல்றேன். மொத நாளே தமுக்கு எதுக்கு?

அக்கா, அந்தக் கயிறு பத்தி ஒண்ணு. அவரு ஏத்துற வெப்டூன் கேன்வாஸ் தளத்துல நீளப் படம் 800-க்கு 1280 பிக்சல்னு துண்டு துண்டாத்தான் போவும். ஒவ்வொரு வெட்டுலயும் கயிறு விலகாம, கல்லு வரிசை மாறாம பொருந்தணும். நான் போய்ப் பாத்தேன், ஒரு எடத்துல கூட விலகல. மனுஷன் அந்த ஒரு எபிசோடுக்கு எத்தன ராத்திரி முழிச்சாரோ. எனக்கு சாதாரண எபிசோடுக்கே மூணு ஆவுது.

ஏலகிரி வண்டி எழுதினது:

பதில் வந்துது. மன்னிப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேற ஒரு கதைக்கு வரைஞ்ச மலையையும் பனைமரத்தையும் நேரமில்லாம இதுல ஒட்டினாராம், ரயிலும் கூடவே வந்துடுச்சாம், அழிச்சிட்டாராம். கடைசி வரியில, "கயிறு எத்தன தடவ தள்ளுனீங்க?"ன்னு கேட்டிருக்காரு.

இன்னிக்குக் காலையில வாலாஜா ரோடு தாண்டினதும் எண்ணிப் பாத்தேன். ஏழு.

குடியாத்தம் பழைய புத்தகம் எழுதினது:

எனக்குப் பன்னெண்டு. எழுத்து தெரியலன்னு பெருசு பண்ணி வெச்சிருக்கேன்.